இசக்கியின் காலிக் கட்டம்

குருவைத் தேடிச் சீடன் மலையேறுவான் என்பார்கள். எங்கள் ஊரில் மலை கிடையாது. ஆசீர்வாதம் சார் பாத்திரக்கடை மாடி ஏறினார்.

மாடியில் சபூரா டீச்சரின் கம்ப்யூட்டர் சென்டர் இருக்கிறது. டீச்சருக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. அதிகம் பேசமாட்டார். ஒரு பழைய டூத் பிரஷால் கீபோர்டின் இடுக்குகளைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். நாம் பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும். அதுவும் பெரும்பாலும் இன்னொரு கேள்வியாக இருக்கும். குருவுக்குத் தாடி கட்டாயம் என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சீடருக்குத்தான் தலை நரைத்துவிட்டது. பெண்கள் பள்ளியில் டிரில் மாஸ்டர். கழுத்தில் விசில், காலில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. அவர் மைதானத்தில் நின்று ‘அட்டென்ஷன்’ என்று கத்தினால் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள் நிமிர்ந்து நிற்பார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷர் அன்றைக்கு வாசலில் ஷூவைக் கழற்றி, ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“என்ன சார்?” என்றார் சபூரா டீச்சர்.

“எனக்கு எக்செல் படிச்சுக் கொடுக்கணும் டீச்சர்.”

“எதுக்கு?”

“இனி நான் வாயே திறக்கக் கூடாது. கம்ப்யூட்டர் சொல்லணும், நான் கேக்கணும். அதுக்குத்தான்.”

விஷயம் இதுதான். போன வருஷம் வரைக்கும் கோ-கோ அணிக்கு ஆள் எடுப்பது சாருடைய கண். ஓட்டத்தைப் பார்ப்பார், “ஏட்டி, நீ வா” என்பார், முடிந்தது. போன வருஷம் ஒரு பிள்ளையின் அப்பா ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்கே வந்து, “காலைப் பாத்து எடுக்கல, முகத்தைப் பாத்து எடுத்திருக்காரு” என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். சாருக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. பாவம், ஓரவஞ்சனை என்றால் என்னவென்றே தெரியாத மனுஷர் அவர். தன் சொந்த அண்ணன் மகளையே “நீ ஆமை” என்று சொல்லி வெளியே அனுப்பியவர்.

இந்த வருஷம் ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு வழி சொன்னார். வாரா வாரம் ஓடவிட்டுப் பத்துக்கு மார்க் போடுங்கள். கம்ப்யூட்டரில் ஏற்றி ஆவரேஜ் எடுங்கள். மேலே இருக்கும் பன்னிரண்டு பேர் அணி. யாரும் வாயைத் திறக்க முடியாது.

“உட்காருங்க சார்” என்றார் டீச்சர்.

சார் நாற்காலி நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

திரையில் கோடும் கட்டமுமாக எக்செல் விரிந்தது.

“இது என்ன டீச்சர்?”

“பிள்ளைங்க பேரை அடிங்க.”

சார் ஒற்றை விரலால் அடித்தார். வேர்க்க வேர்க்க அடித்தார். எழுந்து நின்று அறிவித்தார்.

“எல்லாரையும் போட்டாச்சு!”

டீச்சர் எட்டிப் பார்த்தார். அத்தனை பேரும் முதல் கட்டத்துக்குள்ளேயே இருந்தார்கள். பேரும் மார்க்கும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, திருவிழா பஸ்ஸில் ஏறிய கூட்டமாக இருந்தது.

“கோ-கோல துரத்துற பிள்ளைங்க எங்க சார் உட்காருவாங்க?”

“நடுக்கோட்டுல. கட்டத்துல.”

“ஒரு கட்டத்துல எத்தனை பேர்?”

“ஒருத்திதான். கணக்கு அதான.”

“ரெண்டு பேர் உட்கார்ந்தா?”

“ஃபவுல்!” விசில் வாய்க்கே போய்விட்டது.

டீச்சர் திரையைப் பார்த்தார். சாரும் திரையைப் பார்த்தார். விசிலை மெதுவாகக் கீழே விட்டார்.

“நானே ஃபவுல் பண்ணிட்டேனா?”

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். பேருக்கு ஒரு கட்டம், பிறந்த தேதிக்கு ஒரு கட்டம், ஒவ்வொரு வார மார்க்குக்கும் ஒரு கட்டம். ஒரு பிள்ளைக்குக் குறுக்கே ஒரு வரிசை.

மறுநாள் டீச்சர் கேட்டார்.

“இசக்கியோட முதல் வார மார்க் எங்க இருக்கு?”

“இதா இங்க.” சார் திரையில் விரலை வைத்தார்.

“விரலை எடுத்துட்டுச் சொல்லுங்க.”

சார் விரலை எடுத்தார். யோசித்தார். மேலே எழுத்து இருந்தது, இடது ஓரத்தில் எண் இருந்தது. ரெண்டையும் கண்ணால் பிடித்து ஒரு புள்ளியில் கொண்டுவந்து சேர்த்தார்.

“சி... ஏழு?”

“அதான் விலாசம்.”

“பேர் சொல்லிக் கூப்பிட்டா வராதா டீச்சர்? என் குரலுக்கு வராத பிள்ளை கிடையாது.”

“இதுக்கு விலாசம் மட்டும்தான் தெரியும் சார். அந்த வீட்ல யார் இருந்தாலும், அவங்களைக் கொண்டு வந்து நிறுத்திரும்.”

சார் “நல்ல பழக்கம்” என்று தலையாட்டினார். முகம் பார்க்காத ஒரு ஆளைக் கடைசியில் கண்டுபிடித்துவிட்டோம் என்று அவருக்குச் சந்தோஷம்.

அதற்கடுத்த பாடத்தில்தான் சண்டை வந்தது. சார் ஒரு கட்டத்தில் எட்டும் ஒன்பதும் என்று போட்டு நடுவில் கூட்டல் குறியும் போட்டார். என்டர் தட்டினார். எட்டு, கூட்டல், ஒன்பது என்றே அது நின்றது. மறுபடியும் தட்டினார். அசையவில்லை.

“ஏன் கூட்ட மாட்டேங்கு?”

“நீங்க இன்னும் கூட்டச் சொல்லல சார்.”

“கூட்டல் போட்டுருக்கேன். இதுக்கு மேல எப்படிச் சொல்ல? கால்ல விழணுமா?”

டீச்சர் பிரஷால் அவர் கழுத்தைச் சுட்டிக் காட்டினார்.

“மைதானத்துல பிள்ளைங்க கோட்டுல நிக்காங்க. கால் முன்னால, கை முன்னால. எல்லாம் தயார். எப்ப ஓடுவாங்க?”

“விசில் அடிச்சா.”

டீச்சர் அந்தக் கட்டத்தின் முன்னால் ஒரு ‘=’ போட்டுவிட்டு என்டர் தட்டினார். பதினேழு வந்து நின்றது.

சார் அந்தக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாலைந்து கட்டங்களில் தானே போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறை என்டர் தட்டும்போதும் வாயால் மெதுவாக ‘ஃபுர்ர்’ என்று ஊதினார். பக்கத்து நாற்காலியில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள்.

ஆவரேஜ் எடுக்கும் ஃபார்முலாவை முதல் பிள்ளையின் வரிசைக் கடைசியில் போடக் கற்றுக்கொண்டார். அடுத்தவளுக்கும் அதையே அடிக்கத் தொடங்கினார். அதற்கடுத்தவளுக்கும். நாக்கு வெளியே வந்துவிட்டது.

டீச்சர் மவுஸை வாங்கினார். முதல் கட்டத்தின் மூலையில் இருந்த சின்னப் புள்ளியைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டார். அத்தனை பிள்ளைகளின் ஆவரேஜும் மடமடவென்று வந்து விழுந்தது.

சார் துள்ளிக் குதித்துவிட்டார்.

“கோ! கோ சொல்லுதா டீச்சர்! ஒருத்தி முதுகுல தட்டுனதும் அடுத்தவ எந்திரிச்சு ஓடுதா!”

“கீழே கடைக்காரர் மேல பார்க்காரு சார்.”

“பாக்கட்டும்!”

இத்தனை வேகமாகக் கற்றுக்கொண்ட சீடரை டீச்சர் அதுவரை பார்த்ததில்லை. சாருக்கு ஒரே ஒரு கோளாறு. டிரில் மாஸ்டர் கோளாறு. அவருக்கு வரிசை நெருக்கமாக இருக்க வேண்டும். தோளோடு தோள் உரச நிற்க வேண்டும். நடுவில் இடைவெளி தெரிந்தால் அவர் உடம்பு கூசும். “நெருங்கி நில்!” என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை கத்துவார் என்பதற்குக் கணக்கே கிடையாது.

எக்செல்லிலும் அதையே செய்தார். ஒவ்வொரு நெடுக்கு வரிசையையும் பிடித்து நெருக்கினார். எல்லாம் ஒரே திரையில் அடங்க வேண்டும் என்று இன்னும் நெருக்கினார். திடீரென்று அலறினார்.

“டீச்சர்! பிள்ளைங்க பிறந்த தேதியெல்லாம் போச்சு! முள்வேலி முள்வேலியா என்னமோ வந்து நிக்கு!”

டீச்சர் வந்து பார்த்தார். தேதி இருந்த இடமெல்லாம் ‘#####’ என்று நின்றது.

“யார் சார் இப்படி நெருக்குனது?”

“நான்தான். வரிசைன்னா...”

டீச்சர் அந்த நெடுக்கு வரிசையின் ஓரக் கோட்டில் மவுஸால் ரெண்டு தட்டுத் தட்டினார். கட்டம் அகன்றது. தேதிகள் வந்துவிட்டன.

“எங்க போயிருந்துச்சு?”

“எங்கயும் போகல சார். நிக்க இடம் இல்ல, முகத்தைக் காட்டல.”

சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இசக்கியின் பிறந்த தேதியை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார். அதில் அவருக்குத் தனிக் கவலை இருந்தது. இந்த அணியில் ஆட வயது வரம்பு உண்டு. இசக்கிக்கு இந்த வருஷம்தான் கடைசி. அடுத்த வருஷம் வரம்பைத் தாண்டிவிடுவாள்.

இசக்கியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. மெலிந்த உடம்பு. அவள் ஓடுகிற ஆட்டத்தில் அவளைப் பிடிக்கப் பாய்கிறவள் கோட்டு முனையில் நட்ட தூணைத்தான் கட்டிப்பிடிப்பாள். மாவட்ட ஆட்டத்தில் நன்றாக ஆடுகிற பிள்ளைகளை விளையாட்டு விடுதிக்கு எடுப்பார்கள். அங்கே சாப்பாடும் படிப்பும் ஆட்டமும் ஒரே இடத்தில். இசக்கிக்கு அந்த விடுதிக்குப் போகவேண்டும் என்பதுதான் ஆசை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனாலும் எல்லாருக்கும் தெரியும்.

நடுவில் அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. வீட்டு வாசலில் வேப்பிலை சொருகிவிட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் அவள் வாசற்படி தாண்டவில்லை. அதற்குள் ரெண்டு வாரத் தேர்வு போய்விட்டது.

கடைசி வாரம் வந்து ஓடினாள். முகத்தில் தழும்பு மறையவில்லை. ஆனாலும் முதல் வாரம் போலவே பத்துக்கு ஒன்பது வாங்கினாள்.

சார் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எல்லா மார்க்கையும் ஏற்றினார். அழகாக வந்தது. ஆனால் அங்கங்கே கட்டங்கள் காலியாக இருந்தன. வராத பிள்ளைகளின் கட்டங்கள். நல்ல பல்வரிசையில் நாலு பல் விழுந்த மாதிரி தெரிந்தது. சாருக்குப் பொறுக்கவில்லை.

“நெருங்கி நில்” என்று முணுமுணுத்தபடி காலியாக இருந்த ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முட்டை போட்டார். பூஜ்யத்துக்கு எங்கள் பக்கத்தில் முட்டை என்றுதான் பேர். இப்போது இடைவெளி இல்லை. சாருக்கு மனசு நிறைந்துவிட்டது. பெரிய ஆவரேஜ் மேலே, சின்ன ஆவரேஜ் கீழே என்று வரிசைப்படுத்தினார். பன்னிரண்டாவது பேருக்கு அடியில் ஒரு கோடு போட்டார். அச்செடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்.

ஒட்டும்போதே கவனித்தார். இசக்கி கோட்டுக்குக் கீழே, வெகு கீழே இருந்தாள்.

கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு, “நான் ஒண்ணும் சொல்லப்படாது. கம்ப்யூட்டர் சொல்லியாச்சு” என்று தனக்கே சொல்லிக்கொண்டு நாலு மூலையிலும் பசையை அழுத்தினார்.

இசக்கி போர்டை மேலிருந்து கீழே படித்தாள். மறுபடி கீழிருந்து மேலே படித்தாள். நேரே சாரிடம் வந்தாள்.

“சார், நான் எந்த வாரம் சார் தோத்தேன்?”

சார் விசில் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“நான் எதுவும் சொல்ல முடியாதுட்டி. கம்ப்யூட்டர் போட்ட கணக்கு.”

“சரி சார்.”

அவள் அழவில்லை. மைதானத்துக்குப் போனாள். தேர்வான பிள்ளைகள் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கழற்றிப் போட்ட செருப்புகளைக் கோட்டுக்கு வெளியே ஜோடி ஜோடியாக எடுத்து வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அதைப் பார்த்ததும் சாருக்குத் தாங்கவில்லை. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தவர் அப்படியே மூடிவிட்டார். அழுது சண்டை போட்டிருந்தாலாவது நாமும் ரெண்டு வார்த்தை திட்டியிருக்கலாம். சரி சார் என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் என்ன செய்வது?

பள்ளி விட்டதும் பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பாத்திரக்கடை மாடிக்கு ஓடினார். அன்றைக்கு ஷூவைக் கழற்றி ஜோடி சேர்க்கவெல்லாம் நேரமில்லை.

“டீச்சர், கம்ப்யூட்டர் தப்பாக் கணக்குப் போடுமா?”

“போடாது சார்.”

“அப்போ நான் தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டேனா?”

டீச்சர் கையில் பிரஷ் நின்றது.

“காட்டுங்க.”

திரையில் விரிந்தது. சார் இசக்கியின் வரிசையைக் காட்டினார். டீச்சர் மேலிருந்து கீழே பார்த்தார்.

“ரொம்ப அழகா இருக்கு சார்.”

அந்த நிலைமையிலும் சாருக்குப் பெருமை வந்துவிட்டது. “ஒரு இடைவெளி கிடையாது, பாத்தியளா?”

“பார்த்தேன். மூணாவது வாரம் இசக்கி ஓடினாளா?”

“எப்படி ஓடுவா? அம்மைல்லா போட்டிருந்துது.”

“மைதானத்துக்கு வந்தாளா?”

“வீட்டை விட்டே வரல.”

“வராத பிள்ளைக்கு எப்படி சார் மார்க் போட்டீங்க?”

“மார்க் எங்க போட்டேன்? முட்டைல்லா போட்டேன்!”

“முட்டையும் மார்க்தான சார்? ஓடித் தோத்த பிள்ளைக்குப் போடுறது.”

சார் குனிந்து அந்த முட்டையையே பார்த்தார்.

டீச்சர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டார்.

“அந்த முட்டை மேல போய் நில்லுங்க. டெலிட் அடிங்க.”

சார் அடித்தார். முட்டை போய்விட்டது. வரிசைக் கடைசியில் இருந்த ஆவரேஜ் துள்ளி ஏறியது.

சார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“ஏறிட்டு!”

“ம்.”

“ஒண்ணுமில்லாததை எடுத்தேன் டீச்சர். எடுத்தா குறையும், இல்லன்னா அப்படியே கிடக்கும். இது எப்படி ஏறுது?”

“அது ஆள் இருக்கிற கட்டத்தை மட்டும்தான் எண்ணும். காலிக் கட்டத்தைத் தாண்டிப் போயிரும். நீங்க அங்க முட்டையை உட்கார வச்சா, ஒரு ஆள் உட்கார்ந்திருக்குன்னு சேர்த்து வகுத்திரும்.”

சார் அடுத்த முட்டையையும் எடுத்தார். இசக்கியின் ஆவரேஜ் ஒன்பதில் போய் நின்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிப்பும் வந்தது. ரெண்டும் சேர்ந்து மூக்கை உறிஞ்சினார்.

“ஒன்பது! என் பிள்ளை ஒன்பது!”

நியாயஸ்தர் இல்லையா, இசக்கியோடு நிறுத்தவில்லை. வராத எல்லாருடைய முட்டையையும் தேடித் தேடி எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் “போ வெளிய” என்றார். எல்லாம் முடிந்ததும் ஜம்மென்று மறுபடி வரிசைப்படுத்தினார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது.

முதல் இடத்தில் பொன்ராணி நின்றாள்.

“இவளா!”

“யார் சார் இது?”

“முதல் வாரம் வந்தா. காத்தாப் பறந்தா. பத்துக்குப் பத்து. அடுத்த வாரம் அத்தை வீட்டுக் கல்யாணம்னா. அதுக்கடுத்த வாரம் கோயில் கொடை விழான்னா. அப்புறம் ஆளையே காணோம்! ஒரு நாள் வந்தவ முதல் இடம். வாரா வாரம் வந்து வேர்த்து விறுவிறுத்து ஓடுன பிள்ளை கோட்டுக்கு வெளியே நிக்குது!”

“ஆவரேஜ் சரியாத்தான் இருக்கு சார். ஒரே மார்க். பத்து.”

“அது எனக்குத் தெரியாதா!”

சார் எழுந்தார். உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார். விரல் பூஜ்யத்தின் மேல் போய் நின்றது.

“இவளுக்கு மட்டும் முட்டையைத் திருப்பிப் போட்டுட்டா?”

“போடலாம் சார். கம்ப்யூட்டர் ஒண்ணும் கேக்காது.”

“யாராவது மனுஷர் கேட்டா?”

“என்ன சொல்லுவீங்க?”

விரல் பூஜ்யத்தின் மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தானாகவே விலகிக்கொண்டது. சார் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். போன வருஷம் ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் கேட்ட சத்தம் காதில் மறுபடி கேட்டிருக்கும்போல.

“நாளைக்குக் காலையில மாவட்டத்துக்கு லிஸ்டு போகணும் டீச்சர். முட்டை போட்டா இசக்கி கீழ விழுதா. காலியா விட்டா பொன்ராணி தலை மேல ஏறுதா. ஆளுக்கு ஒரு மாதிரி போட்டா, நான் முகம் பாத்தவன் ஆயிருதேன். இதுக்கு எக்செல்ல ஒரு வழி கிடையாதா?”

“கிடையாது சார்.”

“இத்தனை பட்டன் இருக்கு. ஒண்ணுகூடவா உதவாது?”

“அது கூட்டும், வகுக்கும், மேல கீழ அடுக்கும். அவ்வளவுதான் சார்.”

“பின்ன அந்தக் கட்டத்துல நான் என்னதான் போட?”

சபூரா டீச்சர் பிரஷை மேசையில் வைத்தார். எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். வெயில் இன்னும் இறங்கவில்லை. ரெண்டு தெரு தள்ளிப் பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் கத்துகிற சத்தம் லேசாகக் கேட்டது.

“பொன்ராணி ஊர்ல இருக்காளா சார்?”

“இருக்கா. காலையில ஐஸ் தின்னுக்கிட்டே போனா.”

“இசக்கி?”

“மைதானத்துலதான் உட்கார்ந்திருக்கா. மத்தவளுக செருப்புக்குக் காவல்.”

“காலிக் கட்டத்துக்கு உரிய எல்லாப் பிள்ளைங்களையும் வரச் சொல்லுங்க. விட்டுப்போன ஓட்டத்தை ஓடச் சொல்லுங்க. என்ன எடுக்காங்களோ அதைப் போடுங்க.”

சாரின் மடியில் இருந்த பத்து விரலும் விரிந்தது, சுருங்கியது. இத்தனை வருஷம் மைதானத்தில் நின்ற ஆளுக்கு இது தோன்றாமல் போனதே என்று ஒரு சிரிப்பு வாய் ஓரத்தில் வந்தது. எழுந்து வாசல்வரை போனவர் அங்கேயே நின்றார். சிரிப்பு போய்விட்டது.

“டீச்சர்.”

“சொல்லுங்க சார்.”

“பொன்ராணி ஓடுவா. அவளைப் பத்திக் கவலையில்ல. இசக்கி அம்மையில கிடந்து எந்திரிச்ச பிள்ளை. அன்னைக்கு ஒரு ஓட்டம் ஓடிட்டா. இன்னைக்கு அடுத்தடுத்து ரெண்டு ஓட்டம் ஓடணும். பாதியில மூச்சு வாங்கிட்டுன்னு வைங்க. மூணோ நாலோ தான் வருதுன்னு வைங்க. நானே கூப்பிட்டு, நானே ஓடவிட்டு, என் கையாலயே அந்த மூணைப் போடணும். அதுக்கு இப்படிக் காலியாவே இருந்துட்டுப் போகட்டுமே. குறைஞ்சு போச்சுன்னா என்ன டீச்சர் செய்ய?”

சபூரா டீச்சர் அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

“குறைஞ்சா குறையட்டும் சார். அது அவ ஓடி எடுத்ததா இருக்கட்டும்.”